மிரிஸ்ஸவில் ஐந்து நாள்: ஒரு முதுகு, ஒரு வால், மீதியெல்லாம் தண்ணீர்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

கரண்ட் போனதற்குக் காரணம் குரங்கு என்று ஆட்டோக்காரர் சொன்னபோது, ஊருக்குப் புதுசு என்று என்னைக் கலாய்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பதினொன்றரை மணி வாக்கில் இலங்கை முழுக்க ஒரே நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. எங்கோ ஒரு துணை மின்நிலையத்தில் குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதாம். அமைச்சரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று நான் தங்கிய வீட்டு அக்கா போனில் செய்தியைக் காட்டினார். சிங்களத்தில் இருந்தது. பக்கத்தில் குரங்குப் படம் போட்டிருந்ததால் புரிந்தது.

கொழும்பிலிருந்து தென்கரை ஊரான மிரிஸ்ஸவுக்குப் பாதி வழி பஸ்ஸில் நின்றே வந்த உடம்பு. அறையில் மின்விசிறி நின்றிருந்தது. சன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். அக்கா ஒரு செவ்விளநீரைச் சீவித் தந்தார். காசு வாங்கவில்லை. "குரங்கு செய்த வேலை, நீ என்ன செய்வாய்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தார்.

நீலத்திமிங்கலம் பார்க்க இலங்கைக்குப் போகிறேன் என்றபோது நண்பர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: அது பனிக்கடலில் அல்லவா இருக்கும்? நியாயமான கேள்விதான். பெரிய பலீன் திமிங்கலங்கள் (பல்லுக்குப் பதில் வாயில் சல்லடை போலத் தகடுகள் உள்ளவை) பெரும்பாலும் கோடையில் துருவப் பக்கம் போய் வயிறு புடைக்கத் தின்னும். குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். அங்கே அநேகமாகப் பட்டினிதான். இலங்கையைச் சுற்றியுள்ள நீலத்திமிங்கலங்கள் இந்த ஒழுங்குக்கு அடங்கவில்லை. தின்பது, குட்டி போடுவது எல்லாம் வருஷம் முழுக்க வெப்பக் கடலிலேயே. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கைக் கடலியல் ஆய்வாளர் ஆஷா டி வோஸ். 2003-இல் ஓர் ஆய்வுக் கப்பலில் இருந்தபோது, நீரில் சிவப்பாக மிதந்த திமிங்கலச் சாணியைப் பார்த்திருக்கிறார். சாணி இருக்கிறது என்றால் சாப்பாடும் இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்துதான் ஆரம்பம்.

இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் கோழிக் கொத்து ரொட்டி, 950 ரூபாய். (எழுதுவதெல்லாம் இலங்கை ரூபாய்.) கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொத்து போடுகிற அந்தத் தகரச் சத்தம் நிற்பதில்லை. சாப்பாடு சுமார். உறைப்பு மட்டும் தாராளம்.

பிப்ரவரி 10, திங்கள்

இந்த நாளைப் பற்றிக் கொஞ்சமாகவே எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு மீன்பிடித் துறைமுகம். செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச் சொன்னார்கள். படகில் வெறுங்காலோடுதான் இருக்க வேண்டும். ஆளுக்கொரு வாந்தி மாத்திரை, இரண்டு துண்டு பாண் (பேக்கரி ரொட்டி), வாழைப்பழம், அவித்த முட்டை. டிக்கெட் 14,000 ரூபாய். முட்டையைச் சாப்பிட்டது நான் செய்த முதல் தப்பு. படகின் மேல்தளத்தில் உட்கார்ந்தது இரண்டாவது.

துறைமுகச் சுவரைத் தாண்டும்வரை கடல் சமர்த்தாக இருந்தது. அதற்கப்புறம் தூக்கித் தூக்கிப் போட்டது. நாற்பது பேரில் பதினேழு பேர் வாந்தி. பதினேழு வரை எண்ணினேன், பதினெட்டாவது ஆள் நான். படகுப் பையன் ஒருவன், இருபது வயசு இருக்கும், எல்லாரும் 'மல்லி' என்று கூப்பிட்டார்கள் (சிங்களத்தில் தம்பி). பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பது போல ஒவ்வொருவர் கையிலும் ஒரு பையைத் திணித்துக்கொண்டே போனான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

எதிர் வரிசையில் யாழ்ப்பாணத்து வயதான தம்பதி. ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் மனைவி. நான் தமிழ் என்று தெரிந்ததும் அந்த அம்மா தைலப் புட்டியோடு பக்கத்தில் வந்துவிட்டார்.

"தம்பி, சத்தி வருதோ? கீழ பாக்காதேங்கோ. தூரத்தில கடலும் வானமும் சேருற இடத்தைப் பாருங்கோ. இதை நெத்தியில பூசுங்கோ."

பூசினேன். கண்ணிலும் பட்டது.

ஆறு மணி நேரத்தில் பார்த்தது: ஓங்கில் (டால்பின்) கூட்டம் ஒன்று, பறக்கும் மீன்கள், ஒரு கடலாமை, பதினோரு கொள்கலன் கப்பல்கள். ஒரே ஒரு முறை மல்லி கை நீட்டினான். மிகத் தொலைவில் வெள்ளையாக ஏதோ எழும்பிக் கரைந்தது. அடுத்த நிமிடம் ஏழு படகுகளும் ஒரே திசையில் பாய்ந்தன. போய்ச் சேர்ந்தபோது அங்கே மற்றப் படகுகள் மட்டும்தான் இருந்தன.

கரை இறங்கினால் கூடையில் என் இடது செருப்பு இல்லை. அதே நிறத்தில் வேறு யாருடையதோ, இரண்டு சைஸ் பெரிசு. அதைப் போட்டுக்கொண்டுதான் மீதி நாளெல்லாம் நடந்தேன்.

திமிங்கலம் தென்படாததால் இன்னொரு நாள் இலவசம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு. குரங்கின் கணக்கு இன்னும் தீரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

விடியற்காலையில் தெருவில் பீத்தோவன். ரொட்டி விற்கும் ஆட்டோ. 'சூன் பாண்' என்கிறார்கள். நாடு முழுக்கப் பெரும்பாலும் இந்த மெட்டுத்தான். சீனி தூவிய பணிஸ் இரண்டு வாங்கினேன். அக்கா பார்த்துவிட்டு, அது எதற்கு என்று இடியாப்பம், பருப்பு, தேங்காய்ச் சம்பல் வைத்தார். இங்கத்திய இடியாப்பம் கையகலம்தான், பன்னிரண்டு சாப்பிட்டேன். வயிறு தரையில் இருப்பதை அப்போதுதான் நம்பியது.

பஸ்ஸில் மாத்தறை, அங்கிருந்து ஆட்டோவில் தெவுந்தர முனை. இலங்கையின் தென்கோடி. 49 மீட்டர் உயரத்தில் வெள்ளைக் கலங்கரை விளக்கம், சுற்றிலும் தென்னை. இங்கேதான் பழைய தேனாவரைக் கோயில் இருந்தது. 1588-இல் போர்த்துக்கீசர் இடித்தார்கள். அதற்கு முன், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே அந்தக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை கொடுத்து, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் கல் வெட்டி வைத்தார். அதில் உள்ள ஆண்டு 1409. அந்தக் கல் 1911-இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்து அகப்பட்டது.

இந்தக் கதை எதற்கு என்றால், கப்பல்கள் இந்த முனையைச் சுற்றிக்கொண்டு போவது இன்று நேற்று ஆரம்பித்ததில்லை. மலாக்கா நீரிணைக்கும் சூயஸுக்கும் இடையே ஓடும் கப்பல்களுக்கு இதுதான் திருப்பம். இலங்கையின் தெற்கே கடல் திடீரென்று ஆழமாகிவிடும். கரைக்குப் பக்கத்திலேயே திமிங்கலத்துக்கு இரை கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கப்பலுக்கும் வசதி அதே இடம்தான். 2012-இல் ஒரு கொள்கலன் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, முகப்பில் ஒரு நீலத்திமிங்கலத்தின் உடல் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் மோதியது கப்பலில் யாருக்கும் தெரியவில்லை. 2022 நடுவில் எம்.எஸ்.சி என்ற கொள்கலன் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. எல்லாக் கப்பல்களும் அப்படிப் போவதில்லை. விளக்கின் அடியில் உட்கார்ந்தே ஐந்து எண்ணினேன்.

பாறையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தமிழில் பேசினார். எப்படி என்றேன். சவூதியில் எட்டு வருஷமாம், பக்கத்துக் கட்டில் தூத்துக்குடிக்காரராம். கெட்ட வார்த்தைதான் முதலில் படித்தாராம். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன், கூடவே ஒரு துண்டு கருப்பட்டி; அதைக் கடித்துக்கொண்டு சீனியில்லாத தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும்.

"ராத்திரி வலை போட்டுட்டு எஞ்சின நிறுத்துவோம். சும்மா படுத்திருப்போம். அப்ப பக்கத்தில மூச்சு விடும். ஒண்ணும் தெரியாது, இருட்டு. சத்தம் மட்டும். ஆள் மூச்சு மாதிரியே இருக்கும், ரொம்பப் பெரிய ஆள்."

பயமாக இருக்காதா என்று கேட்டேன். "அது பாட்டுக்குப் போகும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "கப்பலுக்குத்தான் பயம்" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கா, திமிங்கலத்துக்கா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து இலவசச் சீட்டை நீட்டினால், நாளைக்கு இடமில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன் என்பது அவர்களுக்கும் தெரியும். கத்திப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. தெருமுனையில் யாழ்ப்பாணத்து மாஸ்டரும் அதே சீட்டோடு நின்றார். அக்காவின் மருமகன் வேலை செய்யும் சின்னப் படகு ஒன்றில் ஆளுக்கு 9,000 என்று மூன்று பேரும் பேசி முடித்தோம்.

பிப்ரவரி 12, புதன், போயா

பௌர்ணமி. நவம் போயா. நாங்கள் துறைமுகத்துக்குப் போகும்போதே வெள்ளை உடுத்திய குடும்பங்கள் தாமரைப் பூவோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தன. மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் கட்டியே கிடந்தன. காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல.

படகில் பதினொரு பேர்தான். முட்டையைத் தொடவில்லை. அணியத்தில், அதாவது படகின் மூக்கில், காலை நீட்டி உட்கார்ந்தேன்.

எட்டே முக்காலுக்கு மருமகன் எஞ்சினைக் குறைத்தார். "தல்மஸா" (சிங்களத்தில் திமிங்கலம்) என்றார், உரக்கக்கூட இல்லை.

முதலில் கேட்டது மூச்சு. பெரியவர் சொன்னது சரி. பெரிய லாரி பிரேக் காற்றை வெளியேற்றுவது போல ஆரம்பித்து, கடைசியில் நெஞ்சு காலியாகிற ஒலி. அப்புறம்தான் நீராவித் தூண். இரண்டு தென்னை உயரம் என்று அன்ரி, அதாவது மாஸ்டரின் மனைவி, சொன்னார். ஒரு தென்னை இருக்கும், ஒன்பது பத்து மீட்டர். அதன் அடியில் இரண்டு மூக்குத் துளைகள், முன்னால் ஒரு மேட்டோடு. பல் உள்ள திமிங்கலங்களுக்கு ஒரு துளைதான். பலீன் வகைக்கு நம்மைப் போல இரண்டு.

அப்புறம் முதுகு வர ஆரம்பித்தது. வந்துகொண்டே இருந்தது. நான் எதிர்பார்த்த நீலம் இல்லை. கழுவாத சிலேட்டில் சாக்பீஸ் தூள் அப்பியது போலச் சாம்பல் திட்டுகள். அந்தத் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாம், கைரேகை மாதிரி. அதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஆளை அடையாளம் பிடிக்கிறார்கள். முதுகு முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இன்னும் முதுகு. கடைசியில், எங்கேயோ பின்னால், வேண்டாவெறுப்பாக ஒட்டிவைத்தது போல ஒரு சின்னத் துடுப்பு.

காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது மூச்சின் மிச்சம் முகத்தில் பட்டது. கருவாடும் அழுகின முட்டைக்கோஸும். அன்ரி முந்தானையால் மூக்கைப் பொத்தினார். எனக்குக் குமட்டவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு முதுகு வளைந்தது, வால் எழும்பியது. நீலத்திமிங்கலங்களில் எல்லாம் வாலைத் தூக்குவதில்லை. இந்தக் கடலில் இருப்பவை அடிக்கடி தூக்கும். மெதுவாக, தண்ணீர் வழிய, ஒரு ஓசையும் இல்லாமல் இறங்கிற்று. அது இருந்த இடத்தில் வட்டமாக, வழுவழுப்பாக ஒரு தடம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

மருமகன் போனில் நேரம் எண்ண ஆரம்பித்தார். பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றார். எஞ்சின் அணைந்திருந்தது. என் பயணத்திலேயே சிறந்தது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். கலிபோர்னியாவின் மான்டெரி விரிகுடாவில் ஒரு நீலத்திமிங்கலத்தின் மேல் உறிஞ்சு கிண்ணத்தால் கருவி ஒட்டி இதயத் துடிப்பை அளந்த ஆய்வு 2019-இல் வந்தது. முக்குளித்து உள்ளே இருக்கும்போது நிமிடத்துக்கு நாலு முதல் எட்டு. மிகக் குறைந்தது இரண்டு. மேலே வந்து மூச்சு வாங்கும்போது முப்பத்தேழு வரை ஏறியிருக்கிறது. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறு.

மாஸ்டர் பேசத் தொடங்கினார். "திமி எண்டால் பெரிய மீன். அதை விழுங்கிறது திமிங்கிலம். அதையும் விழுங்கிறது திமிங்கிலகிலம். முந்தின ஆக்கள் அப்பிடித்தான் சொல்லி வைச்சவை." பெயர் பெரிதுதான். ஆனால் இந்தப் பிராணியின் தொண்டைக்குள் மனிதனே போக மாட்டான். வாயைத் திறந்தால் தன் எடைக்குச் சமமான தண்ணீர் உள்ளே போகும். தாடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் எல்லாம் விரிந்து பெரிய பை ஆகிவிடும். பிறகு நாக்கால் தள்ளி, பலீன் தகடுகள் வழியாகத் தண்ணீரை வடித்துவிட்டு, மிஞ்சுவதை விழுங்கும். பலீன் என்பது பல் இல்லை. நம் நகமும் மயிரும் எதனால் ஆனதோ அதே கெரட்டின். மற்றக் கடல்களில் மிஞ்சுவது கிரில் (இறால் போன்ற ஒரு சிறு உயிரி) என்றால், இங்கே பெரும்பாலும் பொடி இறால் வகை. அதையும் சாணியை ஆராய்ந்துதான் கண்டுபிடித்தார்கள்.

"குட்டிக்குப் பால் குடுக்குமோ?" என்றார் அன்ரி.

பிறக்கும்போதே குட்டி ஏழு மீட்டர், நாளொன்றுக்குத் தொண்ணூறு கிலோ எடை ஏறும் என்றேன், படித்ததை வைத்து.

"ஒரு நாளைக்கோ?" கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "அந்தத் தாய் பாவம்."

பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடியில் மறுபடி மூச்சு. இந்த முறை வலப்பக்கம். போகிற வழியில் தண்ணீரில் செங்கல் பொடியைக் கரைத்துவிட்டது போல ஒரு பட்டை. மருமகன் சிரித்துக்கொண்டே மூக்கைக் காட்டினார். ஆஷா டி வோஸை அன்றைக்கு நிறுத்தியது இதேதான். நான் எடுத்த படங்களிலேயே தெளிவாக விழுந்தது இந்தச் சாணிதான்.

மூன்றாவது முறை எழும்பியபோது மற்றப் படகுகள் வந்துவிட்டன. ஆறு. நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது இங்கத்திய விதி. ஒன்று நேராக அதன் பாதைக்கே குறுக்கே போய் நின்றது. மேல்தளத்தில் கைதட்டினார்கள். திமிங்கலம் இரண்டே மூச்சில், வாலைக்கூடக் காட்டாமல் இறங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. முந்தாநாள் அதே மாதிரிப் பாய்ந்த படகொன்றில் நானும் இருந்தேன், பிடித்துவிடு பிடித்துவிடு என்று மனசுக்குள் சொன்னவனும் நான்தான். நீலத்திமிங்கலத்தின் குரல் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது. பல நூறு கிலோமீட்டர் போகும். கப்பல் இரைச்சலும் அதே தாழ்ந்த சுருதியில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து மூன்று கப்பல்கள் தெரிந்தன.

மாஸ்டரிடம் சோவியத் கதையைச் சொன்னேன். 1963 முதல் 1966 வரை சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்த வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கலங்களைக் கொன்றன. வெளியே காட்டிய கணக்கு வேறு. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகுதான் உண்மைக் கணக்கு வந்தது. 1979-இல் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தார்கள். நாம் பார்த்தது அப்போது பிறந்திருக்குமா என்று கேட்டார். இருக்கலாம், எண்பது தொண்ணூறு வயது வரை வாழும். பலீன் திமிங்கலத்தின் காதில் மெழுகு அடுக்கடுக்காக உறைந்துகொண்டே வருமாம். செத்த பிறகு அதை அறுத்து, மரவளையம் போல எண்ணி வயசு சொல்வார்கள். "அப்ப கேட்டதெல்லாம் அதுக்குள்ள இருக்கும்" என்றார் மாஸ்டர். அறிவியல்படி அப்படி இல்லை. நான் திருத்தவில்லை.

கரையில் செருப்பு இரண்டும் இருந்தன. என்னுடைய வலது, யாருடையதோ இடது.

போயா என்பதால் இறைச்சிக்கடை, மதுக்கடை எல்லாம் மூடல். அக்கா எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் பனையின் பாகு) வைத்தார். இதை ஏன் மூன்று நாளாகத் தரவில்லை என்று கேட்டேன். நீ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய் என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

பையைக் கட்டியாகிவிட்டது. மாஸ்டரும் அன்ரியும் அதிகாலை ரயிலுக்குப் போய்விட்டார்கள். தைலப் புட்டியை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நாலு இரவுக்குக் கணக்குப் பார்க்கும்போது அக்கா படம் காட்டச் சொன்னார். முப்பது வருஷமாக இந்தக் கடற்கரையில் இருக்கிறார். மருமகன் தினமும் போகிறார். இவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. அலை ஒத்துக்கொள்ளாதாம். போனைக் கொடுத்தேன். 214 படங்கள். பொறுமையாக ஒவ்வொன்றாகத் தள்ளினார். தண்ணீர். தண்ணீர். தண்ணீர், ஓரத்தில் என் கட்டைவிரல். புகை மாதிரி ஏதோ. கறுப்பாக ஒரு கோடு. சிவப்புத் தண்ணீர். தண்ணீர். வால், கொஞ்சம் மங்கலாக.

"மீதி?" என்றார்.

மீதி கீழே இருந்தது என்று கையால் காட்டினேன். சுவரிலிருந்து சுவர் வரை, அப்புறம் வாசலைத் தாண்டி, எதிர்வீட்டு மதில் வரை கையை நீட்டினேன். அக்கா மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பில்லில் தயிருக்குக் காசு போடவில்லை. உடைந்த பிளாஸ்கிற்கு 800 போட்டிருந்தார். கரண்ட் இல்லாத முதல் ராத்திரி இருட்டில் நான்தான் இடித்துத் தள்ளினேன். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.